போர்ஷன் முடிகிறது; பிள்ளைகள் கற்பது எப்போது?

தமிழகத்தில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. வாரந்தோறும் இந்தப் பள்ளிகளில் எழுதப்படும் பாடக்குறிப்புகளைச் சேர்த்தால் லட்சக்கணக்கான பக்கங்கள் வரும். திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியரின் மேசையில் குறிப்பேடுகள் அடுக்கப்படுகின்றன. கையெழுத்தும் முத்திரையும் விழுகின்றன. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரம்பியிருக்கும். ஆனால் இந்தப் பாடம் முடியும்போது வகுப்பிலுள்ள பிள்ளைக்குத் தானாக எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அது தெரிந்துவிட்டது என்பதை எதை வைத்து நாம் அறிவது என்ற கேள்விக்கு ஆசிரியர் யோசித்து எழுதிய விடை அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் இருக்காது.

கற்றல் விளைவு என்று ஒரு கட்டம் இருப்பது உண்மைதான். அதில் ஒரு குறியீட்டு எண்ணும் ஒரு வாக்கியமும் இருக்கும். இரண்டும் அச்சிட்ட பட்டியலிலிருந்து பெயர்த்து எழுதப்பட்டவை. பாடத்தை எப்படி நடத்துவது என்று தீர்மானித்த பிறகு, பல நேரங்களில் தீர்மானிக்காமலேயே, கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக அது நிரப்பப்படுகிறது. வார இறுதியில் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்த வாரத்துக்கான குறிப்பு பி.டி.எஃப். ஆக வந்துவிடுகிறது. ஊட்டி மலைப்பள்ளியிலும் ராமநாதபுரம் கடலோரப் பள்ளியிலும் அதே வாக்கியம், அதே துணைக்கருவி, அதே தொடர்பணி. இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு அந்தப் பேச்சு வலிக்கிறது. யோசித்து எழுத நேரம் தராமல், எழுதியதை மட்டும் கேட்கிற ஒரு நடைமுறை எங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

பாடம் திட்டமிடுவதற்கு ஒரு வரிசை உண்டு. பிள்ளை சென்று சேர வேண்டிய இடம் எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சேர்ந்துவிட்டதற்கு எது சாட்சி என்பது இரண்டாவது. எந்தச் செயல்பாடு, எந்தப் பயிற்சி, புத்தகத்தின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் மூன்றாவதாகத்தான் வர வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் வெளியிட்ட சிறிய நூலிலேயே நோக்கத்திலிருந்து தொடங்கும் இந்த முறைக்கு அடிப்படை போட்டுவிட்டார். 1998இல் கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை இருவரும் அதையே முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறையாக விரித்து எழுதினார்கள். நம் ஊரின் நல்ல ஆசிரியர்கள் பலர் இந்தப் பெயர்களைக் கேள்விப்படாமலே இதைச் செய்து வந்திருக்கிறார்கள். கடைசியில் கேட்கப்போகும் கேள்வியை முதலில் மனதில் வைத்துக்கொண்டே அவர்கள் வகுப்புக்குள் நுழைவார்கள். இன்று நடப்பில் இருப்பதோ தலைகீழ் வரிசை. எத்தனை பக்கம், எத்தனை நாள் என்று கணக்கிட்டு நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்று பங்கு போடுகிறோம். அதற்குப் பெயர் போர்ஷன். பிள்ளை என்ன கற்றது என்பது தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரியவருகிறது. அப்போது அடுத்த பாடம் தொடங்கியிருக்கும்.

இந்தத் தலைகீழ் வரிசையால் வகுப்பறையில் விளைவது என்ன என்பதற்கு ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஒன்றையே பார்க்கலாம். சுற்றளவும் பரப்பளவும். பக்கத்திலிருந்து தொடங்கினால் முதல் நாள் இரண்டு சூத்திரங்கள் கரும்பலகையில் ஏறும். அடுத்த நாள் எடுத்துக்காட்டுக் கணக்குகள். பிறகு பயிற்சிக் கணக்குகள். நீளமும் அகலமும் கொடுத்துப் பரப்பளவு கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் பெருக்கிச் சொல்லிவிடுவார்கள். பாடம் முடிந்துவிட்டது. அதே பிள்ளைகளிடம், "பள்ளித் தோட்டத்தின் நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஆடு புகாமல் சுற்றிலும் மூன்று வரிசை கம்பி கட்ட வேண்டும். கடையில் எத்தனை மீட்டர் கேட்பாய்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் 12ஐயும் 8ஐயும் பெருக்கி 96 என்பார்கள். கணக்கு தெரியாததால் அல்ல. வேலிக்கு எந்த அளவு, தரைக்கு எந்த அளவு என்று தேர்ந்தெடுக்கும் வேலையை யாரும் அவர்களிடம் கொடுத்ததே இல்லை.

விளைவிலிருந்து தொடங்கியிருந்தால் இந்தக் கம்பிக் கேள்விதான் ஆசிரியரின் குறிப்பேட்டில் முதல் வரியாக இருந்திருக்கும். அதற்கு 120 மீட்டர் என்று பிள்ளை தானாகச் சொல்வதற்கு என்னென்ன தேவை என்று யோசித்தபடி அவர் பின்னோக்கி நடந்திருப்பார். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போயிருப்பார். 40 மீட்டர் கம்பியால் 12க்கு 8 என்று அடைத்தால் 96 சதுர மீட்டர், 10க்கு 10 என்று அடைத்தால் 100 சதுர மீட்டர், 19க்கு 1 என்று அடைத்தால் வெறும் 19 சதுர மீட்டர் என்பதை அவர்களே வரைந்து கண்டுபிடித்திருப்பார்கள். சுற்றளவு மாறாமல் பரப்பளவு மாறும் என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை இரண்டையும் பிறகு குழப்பிக்கொள்ளாது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. கூடுதலாக இரண்டு வகுப்பு வேளை வேண்டும். அதற்காகப் பயிற்சிக் கணக்குகள் சிலவற்றை விட்டுவிடும் துணிவு வேண்டும். அந்த இரண்டையும் எங்களுக்கு யாரும் அனுமதிப்பதில்லை.

மொழிப் பாடத்தின் நிலை இதைவிட வருத்தம் தருவது. தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சி தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. வழிகாட்டி நூலில் உள்ள கடிதத்தை வரி மாறாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, தன் தெருவில் தண்ணீர் வராததைப் பற்றித் தன் சொந்த வாக்கியத்தில் நான்கு வரி எழுதத் திணறுகிறது. வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பத் தெரியாத பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பெற்றோர் படிக்காதவர்களாக இருக்கும் வீட்டில் மனு எழுத, படிவம் நிரப்ப அந்தப் பிள்ளைதான் ஒரே ஆள். பள்ளிக்கூடம் அனுப்பியும் இது வரவில்லையே என்று தாய் ஒருத்தி கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

இது நேற்று முளைத்த குறையல்ல. கற்றல் நோக்கங்களை வகைப்படுத்திய பெஞ்சமின் புளூம் 1957-58இலேயே இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தம் குறித்துப் பயிலரங்குகள் நடத்தினார். மனப்பாடத்தைச் சோதிக்கும் கேள்விகளைக் குறைத்து, நோக்கத்தை முன்வைத்துக் கற்பிப்போம் என்று அப்போது பேசப்பட்டது. 1991இல் குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் வகுக்கப்பட்டன. தமிழகத்தில் 2007-08 வாக்கில் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளும் ஏணிப்படியும் கொண்ட அந்த முறையில் ஒரு படியை அடைந்த பிறகே பிள்ளை அடுத்த படிக்குப் போக வேண்டும் என்ற நல்ல எண்ணம் இருந்தது. 2012-13இல் முப்பருவ முறையும் முழுமையான தொடர் மதிப்பீடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கற்கும்போதே மதிப்பிடுவோம் என்று சொல்லப்பட்ட அந்த 40 மதிப்பெண், கடையில் விற்கும் படங்களை வாங்கி ஒட்டிய சார்ட்டுகளுக்குப் போடும் மதிப்பெண்ணாகக் கரைந்துபோனது.

2017இல் கல்வி உரிமைச் சட்ட விதிகள் திருத்தப்பட்டு, வகுப்புவாரியாக, பாடவாரியாகக் கற்றல் விளைவுகள் வெளியாகின. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத் தொடக்கத்திலேயே கற்றல் நோக்கங்கள் அச்சாயின. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு, பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேட்பதால் நாங்கள் மனதார வரவேற்றது. ஒவ்வொரு முறையும் பயிற்சி நடந்தது, கையேடு கிடைத்தது, இனி ஆசிரியரின் பதிவேட்டுச் சுமை குறையும் என்ற வாக்குறுதியும் கிடைத்தது. வாக்குறுதி மட்டும் நிறைவேறவில்லை. பழைய பதிவேடு போகாமல் புதியது அதன்மேல் வந்து உட்கார்ந்தது. குறிப்பேட்டின் கட்டங்கள் கூடின. யோசிக்கும் வேளை சுருங்கியது.

இதில் எங்களை மிகவும் உறுத்துவது, சட்டமே எங்கள் பக்கம் நிற்பதுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, ஆசிரியரின் வார வேலைநேரம் 45 மணி என்று சொல்லும்போது, அதில் ஆயத்தமாகும் நேரமும் அடங்கும் என்று தெளிவாகக் குறிப்பிடுகிறது. பாடத்துக்கு ஆயத்தமாவது வேலைநேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் கால அட்டவணையில் அதற்கென ஒரு கட்டம் எங்கே இருக்கிறது? காலை முதல் மாலை வரை வகுப்பு. இடையில் கிடைக்கும் வேளையில் உதவித்தொகைப் பட்டியல், ஆதார் விவரம், வங்கிக் கணக்கு, எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளத்தில் பதிவேற்றம். மாலையில் இணையம் இழுக்காத ஊர்களில் இரவு வீட்டிலிருந்து பதிவேற்றுகிறார்கள். அதே சட்டம் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. எனவே ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். அங்கே ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைப்பார். அன்று அவர் எந்த விளைவிலிருந்து தொடங்குவார்?

சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. இரண்டும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து இருக்கின்றன. பள்ளிப் பார்வைக்கு வருகிற அதிகாரிகள் முதல் கடமையை மட்டும் கேட்கிறார்கள். "போர்ஷன் எதுவரை போயிருக்கிறது?" என்பதே முதல் கேள்வி. பாடக்குறிப்பும் பக்க எண்ணும் பொருந்துகின்றனவா என்பது அடுத்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி, சென்ற வாரம் நடந்த பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. எதைக் கேட்கிறார்களோ அதற்குத்தான் பள்ளிக்கூடம் தன்னைத் தயார் செய்துகொள்ளும்.

பெருந்தொற்றுக்குப் பிறகு இந்தக் குறை ஆபத்தாக மாறியிருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளை, திறந்தபோது மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக மேலே வந்துகொண்டே இருக்கிறார்கள். வகுத்தல் தெரியாத பிள்ளைக்கு விகிதம் நடத்துகிறோம். பத்தியை வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் செய்யுள் நயம் நடத்துகிறோம். அன்றைய பக்கம் அதுதானே? உயர்நிலை வகுப்புக்குப் போனதும் அவர்களுக்கு மெல்லக் கற்போர் என்ற பெயர் கிடைக்கிறது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விழுக்காட்டுக்காக, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்த சில தாள்கள் அவர்கள் கையில் கொடுக்கப்படுகின்றன. அதை மனப்பாடம் செய்து தேர்ச்சியும் பெறுகிறார்கள். மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் அந்தப் பிள்ளை தடுமாறி நிற்கும்போது, படிப்பு ஏறவில்லை என்று பழி அதன்மேல் விழுகிறது. அது மெல்லக் கற்ற பிள்ளை அல்ல. அது நிற்கும் இடத்திலிருந்து யாரும் தொடங்கவில்லை என்பதே உண்மை.

தனியார் பள்ளிப் பிள்ளைக்கு மாலையில் டியூஷன் இருக்கிறது. வகுப்பறையில் விட்டுப்போனதை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்கிறார்கள். தறி ஓட்டும், தீப்பெட்டி ஒட்டும், செங்கல் சூளையில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியின் அந்த 40 நிமிட வகுப்பு மட்டும்தான். ஆகவே பாடத்திட்டமிடல் என்பது ஆசிரியர்களின் உள்விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். அது அந்தப் பெற்றோரின் உரிமைப் பிரச்னை.

தீர்வு எங்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. அதிகாரத்தில் உள்ளவர்கள் நினைத்தால் ஒரு கல்வியாண்டுக்குள் செய்துவிடலாம். நாள்தோறும் எழுதும் பாடக்குறிப்பை முதலில் நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் ஒவ்வோர் அலகுக்கும் ஒரே ஒரு பக்கம் போதும். அலகின் முடிவில் பிள்ளை செய்து காட்ட வேண்டியது, அதை அறிய நாங்கள் கொடுக்கப்போகும் கேள்வி அல்லது வேலை, அதற்கான வகுப்பறைத் திட்டம் ஆகியவை அந்தப் பக்கத்தில் இந்த வரிசையிலேயே இருக்கட்டும். பார்த்து எழுதுவதற்கு அங்கே இடமிருக்காது. அலகு முடிந்த பிறகு எத்தனை பிள்ளைகள் அதைச் செய்தார்கள், செய்யாதவர்களுக்கு அடுத்து என்ன என்று கீழே நான்கு வரி சேர்த்தால் தனியாக ஒரு குறைதீர் பதிவேடே தேவைப்படாது.

அந்த ஒரு பக்கத்தை யோசிக்க நேரம் வேண்டும். சட்டம் சொல்லும் ஆயத்த நேரத்தைக் கால அட்டவணையில் கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றன. அங்கே திரையில் ஓடும் காணொலியைப் பார்த்துவிட்டு வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் திரும்புவதற்குப் பதில், ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து அடுத்த அலகுக்கான கேள்வியை உருவாக்கட்டும். தங்கள் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்கட்டும். பத்துப் பயிற்சி தராத தெளிவை அப்படி ஒரு மதிய வேளை தந்துவிடும். பதிவேற்ற வேலைக்குப் பள்ளித் தொகுதிக்கு ஓர் ஆளையாவது தனியே நியமித்தால் ஆசிரியர்களின் பல மணி நேரம் வகுப்பறைக்குத் திரும்பிவிடும். காலிப் பணியிடங்களை நிரப்புவது பற்றிச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் அது இல்லாமல் மற்ற எதுவும் நிலைக்காது.

வினாத்தாள் மாறாமல் இவை எல்லாம் ஏட்டோடு நின்றுவிடும். பருவத் தேர்விலும் பொதுத்தேர்விலும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியே வருமானால், கயிற்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போன ஆசிரியர்தான் முட்டாளாவார். கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தச் சொல்லும் கேள்விகளுக்கு ஒவ்வொரு தாளிலும் குறிப்பிட்ட பங்கு இருக்கும் என்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்து, மாதிரிகளையும் வெளியிட வேண்டும். கூடவே, ஒவ்வொரு வகுப்புக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாத விளைவுகள் எவை என்று குறித்துக்கொடுத்து, மீதியைச் சுருக்கிக்கொள்ளும் உரிமையை ஆசிரியருக்கு எழுத்தில் வழங்க வேண்டும். வாய்மொழிச் சுதந்திரம் அடுத்த பார்வையோடு காலாவதியாகிவிடுவதை நாங்கள் அறிவோம். பார்வைக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வரி ஆணை போதும்: பதிவேட்டைத் திறக்கும் முன் ஐந்து பிள்ளைகளோடு பேசுங்கள்.

பி.எட்., ஆசிரியர் பட்டயப் பயிற்சி நிலையிலும் திருத்தம் தேவை. பயிற்சிக் காலத்தில் எழுதும் பாடத்திட்டம் தாளின் அழகுக்கும் கட்டங்களின் நேர்த்திக்கும் மதிப்பெண் பெறுகிறது. பயிற்சி ஆசிரியர் நடத்திய பாடத்தில் பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. அங்கே தொடங்கும் வழக்கம் ஓய்வு பெறும்வரை தொடர்கிறது.

எங்கள் ஊர்ப் பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசிய பிறகு, இந்தப் பருவத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு எதைச் செய்யத் தெரிந்திருக்கும் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புங்கள்.

உரிய அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பது புதிய திட்டமோ புதிய செயலியோ அல்ல. நாள்வாரிப் பாடக்குறிப்பை அலகுத் திட்டமாக மாற்றும் ஆணையும், ஆயத்த நேரம் சேர்த்த கால அட்டவணையும், திருத்திய வினாத்தாள் அமைப்பும் வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் வெளியாக வேண்டும். ஜூலையில் வந்தால் முதல் பருவத்தின் பக்கங்கள் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருக்கும்.